முதல் சவாரி

இயேசு மரி சூசை துணை

வடக்குப்பட்டு
3.9.1978

அன்புள்ள உங்களுக்கு,

கிளாரா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் சுகம். மாமாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை. உங்கள் அக்கா கிரேசி அண்ணி வழக்கம்போல ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் டியூட்டிக்குப் போய் வருகிறார்கள். அந்தக் குளிரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதவும்.

பதில் தாமதம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலேஜில் பிசிக்ஸ் ரெக்கார்டை ஒரே மூச்சில் முடித்தவளுக்கு இப்போது ஒரு இன்லேண்டு லெட்டரை முடிக்க வாரக்கணக்காகிறது. நாலு வரி எழுதுவதற்குள் பாப்பா விழித்துவிடுகிறாள். மறுபடி வந்து உட்கார்ந்தால் என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துபோகிறது.

உங்கள் மகள் குப்புற விழுகிறாள். திரும்பத் தெரியாமல் ஊரையே கூப்பிடுகிறாள். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று நான் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதைக் கண்டு அண்ணி, "ஏம்மா பிஎஸ்சி, காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்கிறார்கள்.

இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, பேரும் வைக்கவில்லை. இந்த ஊரில் எந்தக் குழந்தையும் இத்தனை நாள் இப்படி இருந்ததில்லையாம். பூசை முடிந்து வெளியே வந்தால் சாமியார் கேட்கிறார். "இவங்க அப்பா வந்து கையில ஏந்தாம என் பொண்ணு தலையில தண்ணி விழாது ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நீங்கள் வரவேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, "உங்க வூட்டுக்காரரு ஹெலிகாப்டர்ல போய் யாரைச் சுடுறாரு?" என்று கேட்கிறாள். மெக்கானிக் தரையில்தான் நிற்பார் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

செபத்தில் உங்களை மறவாத,
கிளாரா

*

56 எ.பி.ஓ.
24.9.1978

அன்புள்ள கிளாராவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். நீயும் பாப்பாவும் அப்பாவும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் முட்டிக்கு இங்கே கிடைக்கும் ஒரு தைலம் அனுப்புகிறேன். நாற்றம் தாங்காது, வலி போய்விடும்.

பாஞ்சாலியிடம் சொல், எங்கள் சின்ன ஹெலிகாப்டரில் துப்பாக்கியே கிடையாது. அது ராணுவத்துக்கு எடுபிடி. மலைமேல் இருக்கும் முகாம்களுக்குக் காலையில் மண்ணெண்ணெயும் அரிசியும் கடிதக் கட்டும் கொண்டுபோகும். திரும்பும்போது காய்ச்சல்காரனையும் கால் முறிந்தவனையும் கொண்டுவரும். நடுவில் எல்லையோரம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரும். பெரிய அதிகாரி வந்துவிட்டால் டாக்சி. கீழே ஆறேழு பேரைச் சுலபமாகத் தூக்குகிற மெஷினுக்கு, மேலே காற்று மெலிந்த இடத்தில் இரண்டு பேரைத் தூக்கவே மூச்சு வாங்கும். அதனால் கதவைக் கழற்றுவோம், சீட்டைக் கழற்றுவோம், பைலட்டின் டிபன் டப்பாவைக்கூட இறக்கி வைப்போம். நீ பிசிக்ஸ்காரி, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தரையில் நிற்பவன்தான், ஒரே ஒரு வழக்கத்தைத் தவிர. பழுது பார்த்த மெஷினைப் பறக்கத் தகுதி என்று எவன் கையெழுத்துப் போடுகிறானோ அவனே அதன் முதல் சவாரியில் பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, எங்கள் பிரிவில் எல்லோரும் விடாமல் வைத்திருக்கிற பழக்கம். அதனால் இங்கே ஒருத்தனும் கொட்டாவி விட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவதில்லை. எங்கள் பைலட் பரசுராமன் சார் செங்கல்பட்டுக்காரர். நான் பக்கத்தில் உட்கார்ந்தால், "அமிர்தம், பாட்டுப் பாடாதே, மெஷின் பாடறது எனக்குக் கேக்கணும்" என்பார்.

கிறிஸ்துமசுக்கு லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை சாமியாரைச் சமாளி.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.
அமிர்தநாதன்

*

வடக்குப்பட்டு
15.10.1978

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் சுகத்துக்கு மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். தைலம் வந்தது. மாமா தடவிக்கொண்டு தெருவில் இறங்கினால் நாய்கூட ஒதுங்கிப்போகிறது. வலி குறைந்திருக்கிறது, அதை வாயால் சொல்லமாட்டார்.

இந்தக் கடிதமும் தாமதம். இதற்குக் காரணம் பாப்பா இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை. சவாரியாம் சவாரி! ஏரித் திருவிழா ராட்டினம்போல எழுதுகிறீர்கள். கதவில்லாத மெஷினில், மலைக்கு மேலே, நீங்களே முடுக்கிய திருகை நம்பி நீங்களே உட்காருகிறீர்கள். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை?

இந்த வழக்கத்தை விடுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உங்கள் ஆட்கள் சொல்வது நியாயம் என்று எனக்கே தோன்றித் தொலைக்கிறது. ஏறமாட்டேன் என்கிறவன் எப்படி இன்னொருவரை ஏற்றலாம்?

ஆகையால் வேறு ஒன்று கேட்கிறேன், மறுக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோவில் எடுத்த பாப்பாவின் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். இனி எந்த மெஷினுக்குக் கையெழுத்துப் போடுவதானாலும், முதலில் இவளை அந்த சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். உங்கள் மகளை ஏற்றி அனுப்புவீர்களா? அனுப்புவேன் என்றால் போடுங்கள். மனதில் ஊசி முனை அளவு உறுத்தினாலும் போடாதீர்கள். யார் வந்து நின்று அதட்டினாலும் சரி. எனக்கு இதைச் சத்தியமாக எழுதித் தரவேண்டும்.

உங்கள்
கிளாரா

*

56 எ.பி.ஓ.
8.11.1978

அன்புள்ள கிளாரா,

நலம். நீங்கள் யாவரும் நலந்தானே? பாப்பா யாருடைய மூக்கோடு பிறந்தாள் என்று இங்கே பெரிய விவாதம் நடக்கிறது. என் மூக்கு இல்லை என்பதில் எல்லோருக்கும் நிம்மதி.

சத்தியம். எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

சொன்னது மட்டும் இல்லை, செய்கிறேன். வேலை முடிந்ததும் போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து சீட்டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, மெஷினை இன்னொரு தரம் சுற்றிவருகிறேன். முதல் நாள் சிரித்தார்கள். இப்போது மற்ற மெக்கானிக்குகளே, "பாப்பா செக் ஆச்சா?" என்று இந்தியில் கேட்கிறார்கள். பரசுராமன் சார் போட்டோவைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

கிறிஸ்துமஸ் லீவு கையில் வந்தமாதிரிதான். வெள்ளைக் கவுன் தைத்து வை.

அன்புடன்
அமிர்தநாதன்

*

56 எ.பி.ஓ.
14.12.1978

அன்புள்ள கிளாரா,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? அப்பாவுக்கு முட்டி எப்படி? ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் எவ்வளவு?

லீவு கிடைக்கவில்லை. இங்கே வேலை அதிகம். சாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அனைவருக்கும் என் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அமிர்தநாதன்

*

வடக்குப்பட்டு
6.1.1979

அன்புள்ள உங்களுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். சுகமாக இருக்கிறீர்களா? பாப்பாவுக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. வேறு விசேஷம் இல்லை.

வேறு விசேஷம் இல்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் பூசைக்குக் கோவில் நிறைய ஜனம். மாமா கூட்டத்துக்கு நடுவில் நின்று, "எங்க வூட்ல மட்டும் ஒரு அஞ்ஞானி கீறா" என்று ஞானஸ்நானம் ஆகாத பாப்பாவைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சாமியார், "பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம், தகப்பன் இல்லன்னா பரவாயில்லம்மா" என்றார். "எனக்குப் பரவாயில்லாம இல்ல ஃபாதர்" என்றேன். எதிர்த்துப் பேசிவிட்டுப் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் கூடவே வந்தார்கள். அவர்கள் பேசாமல் வருவது எனக்குப் புதிது.

அது இருக்கட்டும். உங்கள் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் தெரியுமா? அதில் மெஷின் இல்லை, பரசுராமன் சார் இல்லை, பாப்பா செக் இல்லை. ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமாகி இத்தனை நாளில் இந்த ஏரியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என்ன நடந்தது?

கிளாரா

*

56 எ.பி.ஓ.
30.1.1979

அன்புள்ள கிளாரா,

நலமே. பாப்பாவின் சளி முழுக்கக் குணமாகிவிட்டதா? அக்காவிடம் காட்டினாயா?

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். என்னை ஸ்டோர்சுக்கு மாற்றியிருக்கிறார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. முதல் சவாரியும் கிடையாது, கடைசிச் சவாரியும் கிடையாது. நீ ஆசைப்பட்டபடி முழுக்கத் தரையில் நிற்கிறேன்.

ஈஸ்டருக்கு லீவு நிச்சயம் கிடைக்கும் என்கிறார்கள். அதற்குமுன் நான் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். பாப்பாவை நானே ஏந்துவேன்.

அமிர்தநாதன்

*

வடக்குப்பட்டு
22.2.1979

அன்புள்ள உங்களுக்கு,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் கம்பு ஊன்றி நின்றார். வலது காலில் மட்டும் செருப்பு, இடது காலில் கட்டு. "அமிர்தநாதன் வூடு இதானே? நான் வல்லத்துப் பழனிவேல். மிலிட்டரி. பாப்பாவைப் பாக்க வந்தேன்" என்றார். பை நிறையக் கம்பளிக் குல்லா, நீங்கள் கொடுத்து அனுப்பியது.

மாமா நாற்காலி போட்டார். காலுக்கு என்ன என்று கேட்டதும் அவர், "பனியில மரத்துப்போச்சு பெரியவரே. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. ஹெலிகாப்டர் வந்திருந்தா தப்பிச்சிருக்கும்" என்றார். "ஏன் வரல?" என்று மாமா கேட்டார். பழனிவேல் என்னைப் பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னு உங்க வூட்டுக்காரரு சொல்லித்தான் அனுப்புனாரு அக்கா. ஆனா அவரு படை வேற, என் படை வேற. அவரு ஆர்டர் எனக்குச் செல்லாது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். வால் பக்கத்துப் பல்சக்கரப் பெட்டியில் காந்தத் திருகைக் கழற்றிப் பார்த்தபோது இரும்புத் தூள் ஒட்டியிருந்ததாம், உள்ளே பல் தேய்வதற்கு அது அடையாளமாம். அந்த அளவு இருக்கலாம் என்று அதிகாரி சொன்னாராம். நேற்று இல்லாதது இன்றைக்கு ஏன் வந்தது என்று நீங்கள் கேட்டீர்களாம். இன்னொரு மெஷின் வெளியே போயிருந்ததாம். மேலே பழனிவேல் காத்திருக்கிறார் என்று தெரிந்தும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. பரசுராமன் சார், "பாப்பாவைக் கீழே இறக்கி வச்சிட்டுக் கையெழுத்தைப் போடுய்யா, மேல ஒருத்தன் சாகறான்" என்று கத்தினாராம். அப்போதும் போடவில்லை. மற்ற சிப்பாய்கள் இவரை முதுகில் சுமந்து மலையிறங்கினார்களாம். கால் விரலுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அதனால், "வீட்டு நினைப்பில் பயந்துபோய் நல்ல மெஷினை நிறுத்திவிட்டேன், தவறு என்னுடையது" என்று எழுதி வைத்து உங்களைக் கையெழுத்துக் கேட்கிறார்களாம். போட்டால் ஈஸ்டர் லீவு. போடாவிட்டால் சட்டைக்கையில் இருக்கிற பதவிப் பட்டை போகும். இதுதானே உங்கள் சின்ன வேலை?

பாப்பாவை உட்காரவைக்கச் சொன்னவள் நான். இவர் விரலுக்கு நானும் பொறுப்பு. பழனிவேல் கையை நீட்டி, "குடுங்கக்கா" என்று பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இந்தத் தம்மாத்தூண்டு பொண்ணா அத்தாம் பெரிய மெஷினை நிறுத்துச்சு? இன்னா கனம் இருக்கப்போவுது இதுக்கு?" என்றார். அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமா? ஆஸ்பத்திரிக்குத் தினம் ரொட்டி எடுத்துக்கினு வருவாரு. மூணு நாள் மூஞ்சைத் திருப்பிக்கினேன். அப்புறம் யோசிச்சேன். அதுல ஏறியிருந்தா என் விரல் இருந்திருக்கும். இல்லன்னா நானே இருந்திருக்க மாட்டேன். எதுன்னு எனக்குத் தெரியல, அவருக்கும் தெரியல. பெட்டியைக் கழட்டி எங்கியோ அனுப்பிக்கிறாங்க, அவங்களுக்கும் தெரியல. தெரியாத ஒண்ணைத் தப்புன்னு எப்படிக்கா கையெழுத்துப் போடுறது?"

அவர் போனதும் வீடு ரணகளமாகிவிட்டது. மாமா, "ஒரு கையெழுத்து! பஸ் டிப்போல நான் போடாத கையெழுத்தா? பிரேக் சரியா புடிக்காத பஸ்ஸைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிட்டு மாதாவை வேண்டிக்கினு நின்னவன்டா நான்!" என்று கத்தினார். யாரை "டா" என்றார் தெரியவில்லை, உங்களைத்தான்போல.

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே நிமிராமல் கேட்டார்கள்: "அந்த பஸ்ல நீ ஏறிக்கினு போனியாப்பா?"

மாமா முட்டியைத் தடவினார். அப்புறம், "சரி, அதை வுடு. பட்டை போனா போவட்டும். புள்ளைக்கு ஞானஸ்நானம்? இவ அப்பன் வந்தாத்தான்னு நிக்கிறா. அவன் கையெழுத்துப் போட்டாத்தான் லீவு. அதுக்காவது போட்டுத்தான் ஆவணும்" என்றார். நான் கட்டிய முடிச்சில் உங்கள் கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி கீரைத் தட்டைக் கீழே வைத்தார்கள். "அது எப்பவோ ஆயிடுச்சு" என்றார்கள்.

நான் உங்களிடம் மறைத்ததை இங்கே சொல்கிறேன். பாப்பாவுக்கு வந்தது சளி இல்லை. கிறிஸ்துமசுக்கு முன்னால் காய்ச்சல் ஏறி, அண்ணியின் ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. நான் டாக்டரைக் கூப்பிட வராந்தாவில் ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் தலைமயிர் நனைந்திருந்தது. காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அண்ணி சொன்னார்கள்: "அது துணி இல்ல. பாலாடையில தண்ணி மொண்டு நானே ஊத்திட்டேன். பிதா சுதன் பரிசுத்த ஆவி, எல்லாம் சொல்லித்தான். ஆபத்துல யாரு ஊத்தினாலும் செல்லும். நான் எத்தினி குழந்தைக்கு ஊத்தியிருக்கேன்! தெரிஞ்சா நீ ஆடுவியேன்னு சொல்லல. இப்ப சொல்றேன். ஒருத்திக்கு ரெண்டு வாட்டி ஊத்த முடியாது. இனிமே எதுக்கு என் தம்பி கையெழுத்துப் போடணும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டி விழுந்தது. என் மகள், என் சபதம், என்னைக் கேட்காமல்! அடுத்த நொடி ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். "வுடு வுடு, கீரைக்கை" என்றார்கள். இரண்டு பேரும் ஒரு பாட்டம் அழுதோம். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. அதற்காக நீங்கள் வரவேண்டாம். வந்தால் உங்கள் காலில் வாருங்கள், அந்தக் காகிதத்தின்மேல் ஏறி வராதீர்கள். என் பயம் என்னோடு இருக்கட்டும், அது என் வேலை. நீங்கள் பயந்துபோய் நிறுத்தினேன் என்று எழுதினால் அது பொய். கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளாரா

*

56 எ.பி.ஓ.
12.3.1979

என் அன்புள்ள கிளாரா,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். பாப்பாவுக்கு அப்புறம் வலிப்பு வரவில்லையே? அதை என்னிடம் சொல்லாமல் எப்படித் தாங்கினாய்? கேட்க எனக்கு வாயில்லை, நான் மறைத்தது குறைவா?

உன் கடிதம் வந்தபோது நான் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். ஆமாம், ஒப்புக்கொண்டேன். பயந்து நிறுத்தினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஒருநாள் ஆமாம் என்றே தோன்ற ஆரம்பிக்கிறது. பழனிவேலின் காலைப் பார்த்தபோதெல்லாம் தோன்றியது. தூள் ரவையளவுதானே இருந்தது, வீட்டு நினைப்புத்தான் அதைப் பெரிதாக்கியதோ என்று. உன்னைக் கேட்காமலே ஈஸ்டருக்கு வந்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல பாப்பாவை ஏந்திவிடலாம் என்று பார்த்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே அதிகாரியிடம் போனேன். "வீட்டு நினைப்பு இருந்தது சார், மறுக்கவில்லை. அந்த நினைப்பு இருந்ததால்தான் திருகை இரண்டாம் தடவை கழற்றினேன். பயம் என்று எழுதச் சொன்னால் எழுதமாட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் பட்டையைப் பிரித்தார்கள். தையல் பிரியும் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. லீவும் இல்லை.

பரசுராமன் சாரும் அங்கே நின்றார். நவம்பரிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அன்றைக்கும் பேசவில்லை.

அக்காவிடம் சொல், அவள் ஊற்றியது செல்லும். அவள் கேட்ட கேள்வியும் செல்லும். என்ன பேர் வைத்தாள்? அதை நீ எழுதவே இல்லை.

உன்
அமிர்தநாதன்

*

வடக்குப்பட்டு
28.3.1979

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சுகம், பாப்பாவும் பூரண சுகம். பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பட்டை இல்லாத சட்டைக்கைக்குக் குளிர் கூடத் தெரியுமோ என்று அண்ணி கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லம் போய்ப் பழனிவேலைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார், அந்த முட்டியோடு! அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பட்டையைப் புடுங்கிட்டாங்க என் புள்ளைக்கு. கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டான்" என்கிறார். சொல்கிற தோரணையைப் பார்த்தால் உங்களுக்கு ஏதோ மெடல் கொடுத்ததுபோல இருக்கிறது.

சாமியார் அண்ணியை விசாரித்தார். வார்த்தை தப்பாமல் சொன்னாயா, தண்ணீர் தலையில் ஓடியதா என்றெல்லாம். செல்லும் என்று சொல்லிவிட்டார். எண்ணெய் பூசுவதும் மெழுகுவத்தியும் வெள்ளைத் துணியும் மட்டும் பாக்கியாம். அதைத் தகப்பன் வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

பேர் கேட்டீர்கள். நானும் அண்ணியைக் கேட்டேன். "அவசரத்துல எந்தப் புனிதையும் நெனப்புல வரல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்" என்றார்கள். வந்தது என்ன என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கிளாரா" என்றார்கள். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாதவர்கள்.

இப்போது இந்த வீட்டில் இரண்டு கிளாரா. பெரியவள் காத்திருக்கிறாள், சின்னவள் நிற்கப் பழகுகிறாள்.

கிளாரா (பெரியவள்)

*

56 எ.பி.ஓ.
14.4.1979

என் செல்ல மகள் சின்ன கிளாராவுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமா? அம்மா தூங்குகிறாளா? உன் மூக்கருகே இன்னும் விரல் வைத்துப் பார்க்கிறாளா? அவளையே இதைப் படித்துக் காட்டச் சொல்.

நேற்று நான் கையெழுத்துப் போட்டேன். அம்மா பயப்பட வேண்டாம், அந்தக் காகிதத்தில் இல்லை. நவம்பரில் நிறுத்திய நம்முடைய மெஷினுக்குப் புதுப் பல்சக்கரப் பெட்டி வந்தது. பழைய பெட்டி அனுப்பிய இடத்திலிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை. வரும்போது வரட்டும். அது எப்படி வந்தாலும் அன்றைக்கு நான் பார்த்தது மாறாது.

பெட்டியைப் பொருத்தியவர்கள் வேறு ஆட்கள். நான் ஸ்டோர்சில் போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பரசுராமன் சார் வாசலில் வந்து நின்றார், என்னைப் பார்க்காமல் ஸ்டோர்ஸ் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த மெஷினை அமிர்தம் பார்த்துக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா நான் ஏறப்போறதில்லைன்னு மேல சொல்லியாச்சு." பட்டைதான் போயிற்று, கையெழுத்துப் போடும் தகுதி பரீட்சை எழுதி வாங்கியது, அதை யாரும் பிரிக்கவில்லை.

காலை முழுவதும் பார்த்தேன். காந்தத் திருகைக் கழற்றித் துடைத்து, ஓடவிட்டு, மறுபடி கழற்றினேன். சுத்தமாக இருந்தது. உன் போட்டோவை சீட்டில் வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். மனதில் ஒன்றும் உறுத்தவில்லை. போட்டேன்.

மேலே ஒரு முகாமில் காய்ச்சல்காரன் காத்திருந்தான். சோதனைச் சுற்று முடிந்ததும் அப்படியே போய் அவனைக் கொண்டுவர வேண்டும். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து உன்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். விசிறி சுற்ற ஆரம்பித்தது. பரசுராமன் சார் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிளப்பவில்லை.

"என்ன அமிர்தம்," என்றார், "பாப்பா ஏறியாச்சா?"

"ஏறியாச்சு சார்."

"அப்ப போலாம்."

உன் அப்பா
அமிர்தநாதன்